அடுக்களையும் அளவையும்

நம் பாடசாலைகளிலே அறிஞர் வரலாறு கற்பிக்கப்படும் முறையில் ஒரு குறை நெடுங்காலமாக இருந்து வருகின்றது. ஓர் அறிஞர் எதனைக் கண்டார் என்பதை விட்டு, அதனைக் கண்டபொழுது எங்கே இருந்தார், என்ன செய்துகொண்டிருந்தார் என்பதையே மாணவர் மனத்திற் பதிய வைக்கின்றோம். நியூற்றனுக்கு ஓர் அப்பிள். ஆக்கிமிடீசுக்கு ஒரு குளியற்றொட்டி. ஜேம்ஸ் உவாற்றுக்கு ஒரு கேத்தில். இவ்வரிசையில் அண்மைக்காலத்திற் சேர்த்துக்கொள்ளப்பட்டவர் அக்னெஸ் பொக்கெல்ஸ் என்னும் ஜேர்மன் நாட்டுப் பெண்மணி. இவருக்கு ஒதுக்கப்பட்ட பொருள், கலங்கழுவும் தொட்டி. பாத்திரம் விளக்கிக்கொண்டிருந்த பெண்ணொருத்தி தற்செயலாக ஒரு விஞ்ஞான உண்மையைக் கண்டாள் என்று இரண்டே வரியில் முடித்துவிடுகின்றனர். இக்கதை முழுப் பொய்யன்று. ஆயின், மெய்யிற் காற்பங்கைச் சொல்லி முக்காற்பங்கை மறைப்பது பொய்யினுங் கேடுடையது என்பது எமது துணிபு.

இலக்கியப் பக்கத்திலே சவர்க்காரத்துக்கும் எண்ணெய்க்கும் என்ன வேலை என்று வினவும் அன்பர்களும் உளராவர். அவர்க்கு யாம் கூறுவது இது: ஒருவருடைய வாழ்க்கையை எவ்வாறு சொல்வது என்பது இலக்கிய வினாவேயாம். அன்றியும், இவ்வம்மையார் செய்த வேலையின் தன்மையை உள்ளவாறு உணர்த்துதற்கு நம் மொழியிலே பழையதொரு சொல் இருக்கின்றது. அஃது ‘அளவை’ என்பது. நாழியும் முழக்கோலும் அளவை. காட்சி, கருதல், உரை எனத் தருக்க நூலார் வகுக்கும் அறிவின் கருவிகளும் அளவையே. அளத்தலையும் அறிதலையும் ஒரு சொல்லாற் சுட்டிய மொழியினராகிய நாம், அளந்து அறிந்த ஒருவரைக் கண்டு வியந்தவர் என்ற அளவில் நிறுத்துதல் பொருந்துமா?

முதலில் அவருடைய வரலாற்றைச் சுருங்கக் கூறுவாம். அக்னெஸ் 1862 பெப்ரவரி 14 ஆம் நாள் வெனிஸ் நகரிற் பிறந்தார். அந்நகர் அப்பொழுது ஒஸ்திரியப் பேரரசின் ஆட்சியில் இருந்தது. தந்தையார் அப்படையிலே பணிபுரிந்தவர். மலைக்காய்ச்சல் அக்குடும்பத்தை விடாது வருத்தியமையால், தந்தையார் உரிய காலத்துக்கு முன்னரே ஓய்வு பெற, 1871 இல் அனைவரும் வட ஜேர்மனியிலுள்ள பிரவுண்ஸ்விக் நகருக்குக் குடிபெயர்ந்தனர். அக்னெஸ் அங்கே பெண்கள் உயர்நிலைப் பாடசாலையிற் படித்தார். பௌதிகத்தில் அவருக்குப் பெருவிருப்பு. ஆயின், அந்நாளில் ஜேர்மன் பல்கலைக்கழகங்கள் பெண்களை மாணவராக ஏற்பதில்லை. பாடன் நாட்டிலே 1900 இலும் பிரஷியாவில் 1908 இலுந்தான் அவ்வாயில்கள் முறையாகத் திறக்கப்பட்டன. அக்னெஸ் வீட்டில் இருந்தார், நோயுற்ற பெற்றோரைப் பேணினார், அடுக்களையைப் பார்த்துக்கொண்டார். அவரினும் மூன்றாண்டு இளைய தம்பி பிரிடிரிக் பொக்கெல்ஸ் கோட்டிங்கன் பல்கலைக்கழகத்திற் பௌதிகம் பயின்றார். மின்புலத்தில் வைத்த பளிங்கினூடே ஒளி செல்லுமாறு பற்றி 1893 இல் அவர் எழுதிய விளைவு இன்றும் அவர் பெயராலேயே வழங்குகின்றது. தம்பி கொண்டுவந்த நூல்களே தமக்கையின் பல்கலைக்கழகம்.

இனி, கலங்கழுவும் நீருக்கு வருவாம். எண்ணெய் நீரின்மேற் பரவுதலைக் காணாதவர் உலகில் யார்? பழங்காலத்து மாலுமிகள் கொந்தளிக்குங் கடலில் எண்ணெய் ஊற்றி அலையைத் தணித்தனரென உரோமர் எழுதிவைத்துள்ளனர். அமெரிக்கப் பேரறிஞர் பெஞ்சமின் பிராங்ளின், இலண்டனுக்கு அண்மையிலுள்ள கிளப்பம் என்னுமிடத்துக் குளத்திலே ஒரு தேக்கரண்டி எண்ணெயை ஊற்றி, அது பரவிப் பரவி ஏறக்குறைய அரை ஏக்கர் நீர்ப்பரப்பைக் கண்ணாடிபோல் அமைதியுறச் செய்தமையை 1774 இல் வெளிவந்த கட்டுரையில் விவரித்தார். அக்கரண்டியின் கொள்ளளவை அப்பரப்பினால் வகுத்திருப்பாராயின், எண்ணெய்ப் படலத்தின் தடிப்பு வந்திருக்கும். ஒரு மூலக்கூறின் பருமனைப் பற்றிய முதற் செய்தி பதினெட்டாம் நூற்றாண்டிலேயே உலகுக்குக் கிடைத்திருக்கும். இரண்டு எண்களும் அவர் கையிலிருந்தன. அவர் வகுக்கவில்லை. பிராங்ளின் சிறியவரென்பது எமது கருத்தன்று. காட்சிக்கும் அளவைக்கும் இடையே உள்ள தூரம் எத்துணைப் பெரிதென்பதற்கு அவரே சான்றாவார் என்பதே கருத்து.

அத்தூரத்தை அக்னெஸ் எவ்வாறு கடந்தார்? 1880 களின் தொடக்கத்தில், ஏறக்குறைய இருபது வயதில், ஒரு தகரத் தொட்டியை அமைத்துக்கொண்டார். நீளம் 70 சென்ரிமீற்றர். அகலம் 5 சென்ரிமீற்றர். உயரம் 2 சென்ரிமீற்றர். அதனை விளிம்பு மட்டத்துக்கு நீரால் நிரப்பினார். ஒன்றரைச் சென்ரிமீற்றர் அகலமுள்ள தகரப் பட்டையொன்றை அதன் குறுக்கே, அடிப்பக்கம் நீரைத் தொடுமாறு வைத்தார். பட்டையை இடமும் வலமும் நகர்த்தும்பொழுது ஒரு பக்கத்து நீர்ப்பரப்புச் சுருங்கும், மறுபக்கம் விரியும். எவ்வளவு சுருங்கியது, எவ்வளவு விரிந்தது என்பதைத் தொட்டியின் ஓரத்தில் வைத்த அளவுகோல் காட்டும். பின்னர், 6 மில்லிமீற்றர் விட்டமுள்ள சிறு வட்டத் தகட்டை நீர்ப்பரப்பில் ஒட்டவிட்டு, அதனைப் பிரித்தெடுக்க எவ்வளவு எடை வேண்டும் என்பதை இலேசான தராசொன்றினால் நிறுத்தார். நீர்ப்பரப்பு தன்னை ஒரு தோல்போல் இழுத்துப் பிடித்துக்கொள்ளும் பரப்பிழுவிசையை அவர் அளந்தவாறு இதுவே.

இதன் நுட்பத்தை உற்று நோக்குக. எண்ணெயைக் கூட்டிக் குறைத்து அளப்பதே யாவருக்கும் தோன்றும் வழி. அக்னெஸ் எண்ணெயை வைத்தவாறே வைத்து, அஃது இருக்கும் நிலத்தை ஒடுக்கினார். ஒரே தொகை மக்களைப் பெரிய முற்றத்திலும் சிறிய அறையிலும் மாறிமாறி நிறுத்திப் பார்ப்பதுபோல என்க. அங்ஙனம் ஒடுக்கியபொழுது அவர் கண்டது வியப்பானது. பரப்பு விரிந்திருக்குமளவும் அழுக்குப் படிந்த நீரும் தூய நீர்போலவே இழுவிசை காட்டியது. ஒடுக்கிக்கொண்டே போக, ஒரு குறித்த எல்லை வந்ததும் இழுவிசை சடுதியிற் குறையத் தொடங்கிற்று. சிறிது சிறிதாகக் குறையும் என்றே எவரும் எதிர்பார்த்திருப்பர்; அங்கேயோ ஓர் எல்லை, ஒரு வாயில் இருந்தது. அதற்கு முன்னர் ஓர் இயல்பு. பின்னர் வேறோர் இயல்பு. மேலும், பட்டையால் நீர்ப்பரப்பைத் துடைத்துத் தூய்மை செய்யும் முறையையும் அவரே கைக்கொண்டார். தூய பரப்பு இன்னதென்று அறியாதவர் அழுக்கை அளக்க முடியாதன்றோ! பாத்திரம் விளக்கும்போது தற்செயலாக நேர்ந்தது என்பவர்கள், பத்தாண்டு தொட்டியை நிரப்பித் துடைத்து நிறுத்து எழுதிய தற்செயலைக் காட்டுவார்களாக.

இதனை நம் வீட்டிலேயே ஓரளவு காணலாம். நன்கு கழுவி எண்ணெய்ப் பசையே இல்லாத ஓர் அகன்ற பாத்திரத்தில் நீர் விட்டு, கற்பூரத் துணுக்கொன்றை மேலே இட்டால், அது பித்தேறியதுபோற் சுழன்றோடும். ஒரு துளி எண்ணெயைத் தொட்ட ஊசி முனையை நீரில் வைத்த அக்கணமே ஆட்டம் அடங்கும். பூசையறையில் நாடோறுங் கற்பூரங் கொளுத்தும் நம்மிற் பலர் இவ்வாட்டத்தைக் கண்டதில்லை. இங்கிலாந்திலே எசெக்ஸ் மாநிலத்து ரேளிங் என்னும் ஊரில் தம் மாளிகையோடமைந்த ஆய்வுகூடத்திலிருந்து இதே ஆட்டத்தை ஆராய்ந்தவர் றேலி பிரபு. கற்பூரத்தின் ஓட்டத்தை நிறுத்தப் போதிய ஒலிவ எண்ணெய்ப் படலத்தின் தடிப்பு, ஒரு மில்லிமீற்றரின் பத்திலட்சத்தில் ஏறக்குறைய 1.6 பங்கு என 1890 இல் அவர் கணித்தார். அச்செய்தி பிரவுண்ஸ்விக்கிலுள்ள வீட்டை எட்டியது. தாம் பல்லாண்டாக அளந்துவரும் பொருளை மற்றொருவரும் அளக்கத் தொடங்கியிருக்கின்றார் என அறிந்த அக்னெஸ், 1891 ஜனவரி 10 ஆம் நாள் அவருக்கு ஒரு கடிதம் எழுதினார். அப்பொழுது அவருக்கு வயது 28.

இக்கடிதம் மொழியாசிரியர்களின் கவனத்துக்குரியது. அது ஜேர்மன் மொழியில் எழுதப்பட்டது. அறியாத பிற நாட்டுப் பிரபு ஒருவருக்குத் தம் தாய்மொழியிலேயே விஞ்ஞானம் பேச அவ்வம்மையார் துணிந்தார். அதற்கு ஒரு வரியிற் பொறுப்புங் கேட்டுக்கொண்டார். தம் முடிவுகளைச் சஞ்சிகைகளில் வெளியிடும் நிலையில் தாம் இல்லை என்பதையும் ஒரு வரியிற் சொன்னார். அதன்பின் முறையீடு இல்லை, தன்வரலாறு இல்லை. தொட்டியின் நீளம் இவ்வளவு, அகலம் இவ்வளவு என்று நேரே பொருளுக்குட் புகுந்துவிட்டார். பரிமேலழகர் உரையின் செறிவை வியக்கும் நாம், வேண்டாத சொல்லொன்று இல்லாத இவ்வுரைநடையையும் வியக்க வேண்டும். படித்தவன் அதே தொட்டியைச் செய்து அதே செயலைத் தானுஞ் செய்து பார்க்கலாம் என்றவாறு எழுதுவதே விஞ்ஞான உரைநடையின் இலக்கணம். நம் மாணவரின் செய்முறைக் குறிப்பேடுகள் எத்தகைய நடையில் எழுதப்படுகின்றன என்பதை ஆசிரியர்கள் அறிவர். யாம் விரித்துரைக்க வேண்டுவதில்லை.

றேலி பிரபுவின் மனைவியார் ஈவ்லின் அக்கடிதத்தை ஆங்கிலமாக்கினார். பிரபு அதனைத் தம் கட்டுரைக்குள் ஓர் அடிக்குறிப்பாக அடக்கிக்கொள்ளவில்லை. ‘நேச்சர்’ என்னும் புகழ்பெற்ற சஞ்சிகைக்கு, அனுப்பியவர் பெயராலேயே வெளியிடும்படி தம் பரிந்துரையுடன் விடுத்தார். 1891 மார்ச் 12 ஆம் நாள் அது வெளிவந்தது. பெருந்தன்மை என்றால் இதுவே. ஆயினும், ஒரு ஜேர்மன் சீமாட்டி மிக எளிய வீட்டுக் கருவிகளைக் கொண்டு மதிப்புமிக்க முடிவுகளை எய்தியிருக்கின்றார் என்னும் பொருள்பட அவர் எழுதிய முன்னுரையிலிருந்து, பின்வந்தோர் ‘வீட்டுக் கருவி’ என்பதை மட்டும் எடுத்துக்கொண்டு ‘மதிப்புமிக்க முடிவு’ என்பதை விட்டுவிட்டனர். றேலி பிரபுவும் வீட்டிலிருந்தே ஆய்வு செய்தவர். அவர் வீட்டிற் செய்தது ஆய்வு. அக்னெஸ் வீட்டிற் செய்தது வீட்டு வேலையின் விளைவு! இவ்வேறுபாட்டை வகுத்தவர் யாவர் என்பதை வாசகர் சிந்திப்பாராக.

அம்முடிவுகளின் மதிப்பு யாது? 1899 இல் றேலி பிரபு அக்னெசின் முறையைத் தாமுங் கைக்கொண்டு ஆராய்ந்து, அவர் கண்ட அவ்வெல்லைக்கு விளக்கந் தந்தார். இழுவிசை குறையத் தொடங்கும் அவ்விடத்தில், எண்ணெயின் மூலக்கூறுகள் ஒன்றன்மேலொன்று ஏறாது ஒரேயோர் அடுக்காக, தோளோடு தோள் நெருங்கி நிற்கின்றன. முற்றத்திற் சிதறி நின்றவர் ஒருவரையொருவர் முட்டத் தொடங்கும் இடமே அவ்வெல்லை. ஆகவே, தகரத் தொட்டியும் பட்டையும் தராசுங் கொண்டு, கண்ணுக்குப் புலப்படாத மூலக்கூறு ஒன்று நிற்கும் நிலத்தை அளந்துவிட்டார் அப்பெண்மணி. மூலக்கூறு என்பது உண்டோ இல்லையோ என்று பேரறிஞர் சிலர் வாதிட்டுக்கொண்டிருந்த காலம் அது என்பதை மறத்தலாகாது.

சவர்க்காரத்தின் மூலக்கூறும் இவ்வினத்ததே. அதன் தலை நீரை நாடும். வால் நீரை வெறுத்து எண்ணெயை நாடும். ஆதலின் அது நீரின் எல்லையில், வாயிற்படியில் ஒருகால் உள்ளும் ஒருகால் வெளியுமாக நிற்பவர்போல நின்று, நீரின் இழுவிசையைத் தளர்த்துகின்றது. நீருள்ளே திரண்டால் கூழ் நிலையெய்துகின்றது; இன்னுஞ் செறிந்தால் திரவம்போல் ஓடியும் பளிங்குபோல் ஒழுங்குற்றும் இருக்கும் திரவப் பளிங்காகின்றது. தமிழகத்தார் இவற்றைக் கூழ்மம் என்றும் நீர்மப் படிகம் என்றும் வழங்குவர். இருசாராரும் ஒருநாள் ஒரு மேசையில் அமர்ந்து பேசினால் நன்று. பரப்பிழுவிசையைத் தளர்த்தும் இப்பொருள்களுக்கோ எல்லாரும் ஒருப்பட்ட தமிழ்ச்சொல் நிலைபெறவில்லை. ‘பரப்பிளக்கி’ என்று யாம் வழங்க விரும்புகின்றோம். இதனினுஞ் சிறந்தது கூறுவாருளரேல் மகிழ்வோடு ஏற்போம்.

அமெரிக்கரான இர்விங் லாங்மியூர் அக்னெசின் தொட்டியைத் திருத்தி, படலத்தின் அழுத்தத்தை நேரே அளக்கும் மிதவையொன்றைச் சேர்த்து, 1917 இல் பெருங்கட்டுரை ஒன்றை வெளியிட்டார். பரப்பு இரசாயன ஆய்வுகளுக்காக 1932 இல் அவருக்கு நோபெல் பரிசு கிடைத்தது. அவர் தகுதியுடையார், ஐயமில்லை. ஆயின், அக்கருவி பெரும்பாலும் லாங்மியூர் தொட்டி என்றே வழங்கலாயிற்று. ஒல்லாந்திலே கோர்ட்டர், கிரெண்டல் என்னும் இருவர், செங்குருதிக் கலங்களின் கொழுப்பைப் பிரித்தெடுத்து இத்தகைய தொட்டியிற் பரப்பி, அது கலங்களின் மேற்பரப்பைப்போல் இருமடங்கு இடங்கொள்ளுதலைக் கண்டு, கலத்தின் தோல் ஈரடுக்காலானது என்று 1925 இற் கூறினர். கணக்கில் அவர்கள் செய்த இரு பிழைகள் ஒன்றையொன்று ஈடுசெய்து, விடை சரியாக வந்ததென்பது ஒரு வேடிக்கை.

எமக்கு இவை யாவற்றினும் நெஞ்சைத் தொடுவது வேறொன்று. நம் நுரையீரலில் கோடிக்கணக்கான சிற்றறைகள் உள. அவற்றின் உட்புறம் ஈரமானது. ஈரமுள்ள இடத்தில் இழுவிசையும் உண்டு. மூச்சு வெளியேறுந்தோறும் அச்சிற்றறைகளைச் சுருக்கி ஒட்டச்செய்ய அது முயலும். ஒட்டாமற் காப்பது நுரையீரல் தானே சுரக்கும் ஒரு பரப்பிளக்கி. அமெரிக்க மருத்துவரான ஜோன் கிளெமென்ற்ஸ் நுரையீரற் சாற்றின் படலத்தைத் தொட்டியில் ஒடுக்கியும் விரித்தும், ஒடுங்குந்தோறும் அதன் இழுவிசை மிகத் தாழ்தலை 1957 இல் அளந்து காட்டினார். பட்டையை இடமும் வலமும் நகர்த்திய அதே வேலை. ஈண்டு அது மூச்சின் போக்குவரவுக்கு ஒப்பாயிற்று. 1959 இல் மேரி எலன் ஏவரி என்னும் மருத்துவப் பெண்மணியும் ஜெரி மீட் என்பவரும், குறைமாதத்திற் பிறந்து மூச்சுத் திணறி இறந்த குழந்தைகளின் நுரையீரலில் இப்பொருள் போதாமையை வெளியிட்டனர். அறிந்ததும் உடனே காக்க முடியவில்லை. 1963 ஓகஸ்ட் மாதத்தில் அமெரிக்க ஜனாதிபதி கென்னடியின் குறைமாதக் குழந்தை இந்நோயால் இரண்டு நாளிற் கண்மூடியது. உலகின் பெருஞ்செல்வமும் அதிகாரமும் கைகட்டி நின்றன. 1980 இல் ஜப்பானிய மருத்துவர் புஜிவாரா, மாட்டின் நுரையீரலிலிருந்து எடுத்த பரப்பிளக்கியைப் பத்துக் குழந்தைகளின் மூச்சுக்குழாய்க்குட் செலுத்தி நற்பயன் கண்டமையை வெளியிட்டார். அதன்பின் இம்மருந்து பல நாடுகளிற் பரவியது. கலங்கழுவிய நீரென எள்ளி நகைத்தற்குரியதன்று இவ்வரலாறு.

தற்செயற் கதையைப் போலவே, இவ்வம்மையாரின் பெயரால் வழங்கும் இன்னொரு பேச்சும் உண்டு. அது முன்னையதினும் பொல்லாதது. ‘பாருங்கள், ஆய்வுகூடமின்றி, பட்டமின்றி, பணமின்றிச் சாதித்தாள் ஒருத்தி, உங்களுக்கு ஏன் கட்டடமும் கருவியும்?’ என்று பரிசளிப்பு விழா மேடைகளில் முழங்குவோர் உளர். சிறிய பாடசாலைகளின் ஆசிரியர்கள் இம்முழக்கத்தைத் தலைகுனிந்து கேட்டிருக்கின்றனர். இது வரலாற்றைத் தலைகீழாக வாசித்தலாகும். அக்னெஸ் அளக்கத் தொடங்கியதற்கும் உலகம் அதனை அறிந்ததற்கும் இடையே ஏறக்குறைய பத்தாண்டு கழிந்தது. அப்பத்தாண்டும் வறுமை தந்த வரமன்று. அநீதி விழுங்கிய காலம். தம்பியின் நூல்கள் வந்திராவிடில் அவர் கற்றிருக்க முடியாது. பிரபுவின் கை நீண்டிராவிடில் அவர் எழுதியது அச்சேறியிராது. இவ்விரண்டும் வாய்க்காத பெண்கள் அந்நாளில் எத்தனை பேர் இருந்தனரோ, அவர்களுக்கு வரலாறு இல்லை. வாய்த்த ஒருத்தியைக் காட்டி வாய்க்காதவர் வாயை அடைப்பது அறமன்று.

அவருக்கும் அவ்வாய்ப்பு நிலைக்கவில்லை. 1891 இன் பின் அவர் பல கட்டுரைகளை வெளியிட்டார். எண்ணெய் நீரிற் பரவுமாறு பற்றி 1894 இல் ‘நேச்சர்’ இல் எழுதினார். ஆயின் பெற்றோரின் நோய் முற்றியது. தந்தையார் 1906 இல் மறைந்தார். நூல் கொணர்ந்த தம்பி 1913 இலும் தாயார் 1914 இலும் இறந்தனர். அவ்வாண்டே உலகப்போர் மூண்டது. கண்பார்வையும் உடல்நலமும் குன்ற, ஆய்வு நின்றது. 1931 இலேதான் ஜேர்மனியின் கூழ்நிலை ஆராய்ச்சிக் கழகத்தார் அவருக்குப் பரிசொன்றை வழங்கினர். 1932 இல், லாங்மியூர் நோபெல் பரிசு பெற்ற அதே ஆண்டில், பிரவுண்ஸ்விக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் கலாநிதிப் பட்டம் அளித்துக் கௌரவித்தது. மாணவியாகப் பல்கலைக்கழகம் புகாதவர் தம் 70 ஆவது வயதில் அதன் கலாநிதியானார். 1935 நவம்பர் 21 ஆம் நாள் அந்நகரிலேயே காலமானார்.

அடுக்களையை இவ்வரலாற்றிலிருந்து நீக்கிவிட வேண்டுமென யாம் கூறவில்லை. இலட்சோப இலட்சம் பெண்கள் நாள்தோறும் வெறுப்போடு பார்த்துக் கொட்டிவிடும் எண்ணெய் படிந்த நீரே அக்னெசை ஆய்வுக்குத் தூண்டியதென்று அவருடைய தம்பி மனைவியாரே எழுதியிருக்கின்றார். அதனைச் சொல்லுக, சொல்லிவிட்டு அங்கேயே நின்றுவிடாதிருக்க. பாடநூல் எழுதும் அன்பர்கள் அடுத்த பதிப்பில், ‘தற்செயலாக’ என்னுஞ் சொல்லை எடுத்துவிட்டு, 70, 5, 2 என்னும் அம்மூன்று எண்களையும், தகரப் பட்டையும் தராசும் நின்ற விதத்தைக் காட்டும் ஒரு சிறு படத்தையும் அவ்விடத்திற் சேர்ப்பார்களாக. தகரமும் அடிமட்டமும் கிடைக்காத ஊர் நம் நாட்டில் இல்லை. எந்த வகுப்பிலேனும் ஒரு மாணவி அத்தொட்டியைச் செய்து பார்ப்பாள்.